பதினேழு என்று சொன்னால் போதுமா?

மேசைமேல் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகை ஒன்று. அதன் ஊசியொன்றிலிருந்து கிளம்பும் சிவப்புக் கம்பி, ஒரு மின்தடை, ஒரு சின்ன எல்இடி விளக்கு. விநாடிக்கு ஒரு முறை கண்சிமிட்ட வேண்டிய விளக்கு எரிந்தபடியே நிற்கிறது. மாணவர் கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கிறார். விளக்கை மாற்றிப் பார்க்கிறார். போர்டே போய்விட்டதோ என்று பயம் வருகிறது. எதுவும் போகவில்லை. நிரலில் அவர் ‘ஸ்லீப்(1000)’ என்று எழுதியிருக்கிறார். அவர் முன்பு பழகிய மைக்ரோபிட் பலகையில் அந்த ஆயிரம் மில்லிவிநாடிக் கணக்கு, அதாவது ஒரு விநாடி. ராஸ்பெர்ரி பையில் ஓடும் வழக்கமான பைத்தானில் அதே ஆயிரம், விநாடிக் கணக்கு. 16 நிமிடம் 40 விநாடி பொறுத்திருந்தால் விளக்கு தானாக அணைந்திருக்கும்.

இரண்டு இடத்திலும் மொழி ஒன்று, சொல் ஒன்று, எண் ஒன்று. அடைப்புக்குறிக்குள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் மாணவரின் மாலைப்பொழுதைத் தின்றது. எதைச் சொல்லச் சொல்வது, எதைச் சொல்லாமலே விடலாம் என்று முன்கூட்டித் தீர்மானிப்பது வன்பொருள் நூலகங்களை எழுதுகிறவர்களின் வேலை. வெளியே தெரியாத வேலை. ஆனால் மோட்டார் சுழல்வதும் விளக்கு எரிவதும் அதில்தான் தொங்குகின்றன.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத்தான் கற்றுக்கொடுக்கிறது. ஃபங்ஷனுக்கு அந்நூல் வழங்கும் சொல் செயற்கூறு. அதை அழைக்கும்போது அடைப்புக்குறிக்குள் நாம் தரும் மதிப்புகளுக்கு, அதாவது ஆர்குமென்டுக்கு, செயலுருபு. அந்தச் சொல்லுக்குள் ‘உருபு’ இருப்பது இந்தக் கட்டுரைக்கு மிகவும் பொருத்தம். ஏன் என்பதை இரண்டு விளக்குகளை எரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். நிரல் வரிகள் இங்கே தமிழ் எழுத்தில், வாயால் படிப்பதுபோலவே தரப்படுகின்றன.

ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதன் ஊசிகளைப் பைத்தானிலிருந்து இயக்குவதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்திய முதல் நூலகம் ஆர்பிஐ.ஜிபிஐஓ. அதில் ஒரு விளக்கை ஏற்ற மூன்று கட்டளைகள் வேண்டும். ஊசிகளை எந்த முறையில் எண்ணுகிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும்: ‘ஜிபிஐஓ.செட்மோட்(ஜிபிஐஓ.பிசிஎம்)’. பதினேழாவது ஊசி வெளியே மின்னழுத்தம் தரும் ஊசி என்று அடுத்துச் சொல்ல வேண்டும்: ‘ஜிபிஐஓ.செட்டப்(17, ஜிபிஐஓ.அவுட்)’. அப்புறம்தான் ‘ஜிபிஐஓ.அவுட்புட்(17, ட்ரூ)’. மூன்றும் நேர்மையான வரிகள். சில்லுக்குள் நடப்பதை ஒளிக்காமல் சொல்கின்றன. ஆனால் முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு, விளக்கு எரிவதற்குள் இத்தனை சொற்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

2015-இல் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையிலிருந்த பென் நட்டாலும் டேவ் ஜோன்ஸும் சேர்ந்து ஜிபிஐஓ ஜீரோ என்ற நூலகத்தை உருவாக்கினார்கள். அதில் ‘விளக்கு = எல்இடி(17)’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘விளக்கு.ஆன்()’ என்றால் முடிந்தது. எல்இடி என்று சொன்னபிறகு அந்த ஊசி வெளியீட்டுக்கானது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? விளக்கிலிருந்து யாரும் எதையும் உள்ளே வாசிக்கப்போவதில்லை. சொல்லாமலே விளங்கும் செய்தியைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாததே அந்த வரியின் சிக்கனம்.

ஆனால் பதினேழு என்றால் எந்தப் பதினேழு? பலகையின் ஓரத்தில் வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் அந்த ஊசி பதினோராவது இடத்தில் இருக்கிறது. பதினேழு என்பது பலகையில் இருக்கும் பிராட்காம் சில்லு அந்த இணைப்புக்கு வைத்த எண். இரண்டையும் குழப்பினால் விபரீதம் வரலாம். சில்லுக் கணக்கில் 4 என்பது சாதாரண ஊசி, பலகைக் கணக்கில் 4 என்பது 5 வோல்ட் மின்சாரம் வரும் ஊசி. சாதாரண ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட்தான்.

பலகை எண்ணையே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. முதல் ஆண்டிலேயே பலகையின் இரண்டாம் திருத்தம் வந்தபோது, பதின்மூன்றாவது இடத்து ஊசி சில்லின் 21-ஆம் இணைப்பிலிருந்து 27-ஆம் இணைப்புக்கு மாறியது. சில்லு எண்ணை நம்பி எழுதிய பழைய நிரல் புதிய பலகையில் ஊமையானது, பலகை எண்ணை நம்பியது தொடர்ந்து ஓடியது. அப்படியிருந்தும் பாட நூல்களிலும் படங்களிலும் சில்லு எண்ணே நிலைத்துவிட்டது. ஜிபிஐஓ ஜீரோ எடுத்த முடிவு நல்ல முடிவு: வெறும் எண்ணைத் தந்தால் சில்லு எண் என்று எடுத்துக்கொள்ளும், வேறு கணக்கில் பேச விரும்புகிறவர் மேற்கோளுக்குள் ‘போர்டு11’ என்று எழுதலாம், அதுவும் அதே ஊசிக்குப் போய்ச்சேரும். பெரும்பான்மையோர் சொல்வதற்குச் சுருக்கம், விலகிச் சொல்வதற்கு அடையாளம்.

இப்போது உருபுக்கு வருவோம்.

‘கண்ணன் வள்ளிக்குக் கத்தியால் பழத்தை நறுக்கிக் கொடுத்தான்.’ இந்த வாக்கியத்தின் சொற்களைக் கலைத்துப் போடுங்கள். ‘பழத்தைக் கத்தியால் வள்ளிக்குக் கண்ணன் நறுக்கிக் கொடுத்தான்.’ பொருள் கலையவில்லை. கு, ஆல், ஐ என்ற உருபுகள் ஒவ்வொரு சொல்லின் வேலையையும் அதனுடனேயே கட்டிவைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இப்படிக் கலைக்க முடியாது. அங்கே சொல் நிற்கும் இடமே அதன் வேலையைச் சொல்கிறது. பைத்தானில் இரண்டு வழியும் உண்டு. மதிப்புகளை வரிசையாக அடுக்கினால் இடம் பேசும். ‘ஆன்_டைம்=2’ என்று பெயரை ஒட்டித் தந்தால் உருபு பேசும், வரிசையைப் பற்றிக் கவலையில்லை.

எழுவாய்க்கு உருபு கிடையாது. கண்ணன் வெறும் கண்ணனாகவே நிற்கிறான், ஆனாலும் செய்தவன் அவன்தான் என்று தெரிகிறது. வன்பொருள் நிரலில் ஊசி எண்ணுக்கு அந்த இடம். எல்இடி(17) என்றால் அந்த 17 வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அதனால் அது முதலிடத்தில், பெயரில்லாமல் நிற்கலாம்.

தமிழில் உருபு மறைந்து வருவதும் உண்டு. ‘பால் குடித்தான்’ என்பதில் ஐ மறைந்திருக்கிறது. யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் எல்லா இடத்திலும் மறைக்க முடியாது என்று காட்ட இலக்கண ஆசிரியர்கள் ‘புலி கொல் யானை’ என்ற தொடரை எடுத்துக்காட்டுவார்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? உருபு போனதும் கொன்றது யார், செத்தது யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

ஒரு பொத்தானை எடுத்துக்கொள்வோம். ‘பட்டன்(2, ஃபால்ஸ்)’ என்று ஒருவர் எழுதினால் அது புலி கொல் யானைதான். இரண்டாவது ஊசி, சரி. இல்லை என்கிறாரே, எது இல்லை? பொத்தான் அழுத்தப்படவில்லையா? அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப வேலை செய்ய வேண்டாம் என்கிறாரா? அவர் சொல்ல வந்தது ‘புல்_அப்=ஃபால்ஸ்’. எதனுடனும் இணையாத ஊசி எந்த நிலையிலும் நிற்காமல் அலையும், தொட்டாலே மாறும். அதனால் சில்லுக்குள் இருக்கும் ஒரு மின்தடை அதை மேலே 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும், பொத்தானை அழுத்தும்போது அது தரைக்கு இறங்கும். ஜிபிஐஓ ஜீரோவில் இதுதான் தானமைவு, அதாவது எதுவும் சொல்லாவிட்டால் நடப்பது. ஃபால்ஸ் என்று சொன்னால் எல்லாம் தலைகீழ்: கீழே இழுத்துப் பிடி, அழுத்தினால் மேலே ஏறும். மின்சுற்றையே மாற்றிச் சொல்லும் இத்தனை பெரிய செய்தி, பெயரில்லாத ஒரு ‘இல்லை’க்குள் ஒளிந்துகொண்டால் ஆறு மாதம் கழித்து அதை எழுதியவருக்கே விளங்காது.

இதற்குப் பைத்தான் 3 ஒரு நல்ல கருவியைத் தந்தது. 2008 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, செயற்கூறின் தலைவரியில் ஒரு நட்சத்திரக் குறி போடலாம். நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பவற்றைப் பெயர் சொல்லித்தான் தர வேண்டும், வெறும் மதிப்பாகத் தந்தால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். ஜிபிஐஓ ஜீரோவின் ஆவணத்தில் பட்டனின் தலைவரியைப் பார்த்தால், ஊசி எண் முடிந்த உடனே நட்சத்திரம் நிற்கிறது. எங்கே உருபு மறையலாம், எங்கே மறையக் கூடாது என்று நூலகத்தை எழுதியவர் கிழித்த கோடு அது.

அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் அளக்கும் உணரி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி உணரிக்கு நான்கு கால்கள். பலகையில் அச்சிட்டிருக்கும் வரிசை: மின்சாரம், டிரிகர், எக்கோ, தரை. ஒலியை அனுப்பச் சொல்லும் கால் முதலில், எதிரொலி வந்ததைச் சொல்லும் கால் அடுத்து. ஆனால் ஜிபிஐஓ ஜீரோவில் முதலில் கேட்பது எக்கோ, இரண்டாவதுதான் டிரிகர். பலகையைப் பார்த்தபடி இடமிருந்து வலமாக இரண்டு எண்களை எழுதுகிறவருக்கு உணரி வாயைத் திறக்காது. ‘டிஸ்டன்ஸ்சென்சர்(எக்கோ=18, டிரிகர்=17)’ என்று பெயரோடு எழுதிவிட்டால் எது முன், எது பின் என்ற கேள்வியே எழாது. எழுத்து சில கூடுகிறது, உண்மைதான். ஒரே வகையான இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும் எந்த இடத்திலும் அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும்.

சிக்கனத்தின் அழகை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் ‘விளக்கு.பிளிங்க்()’ என்ற வரியைப் பார்க்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஒன்றுமே இல்லை. ஆனாலும் விளக்கு ஒரு விநாடி எரிந்து, ஒரு விநாடி அணைந்து, யாராவது நிறுத்தும்வரை கண்சிமிட்டுகிறது. பாற்குடம் என்ற சொல்லில் ஐ உருபு மட்டுமா மறைந்திருக்கிறது? ‘கொண்ட’ என்ற சொல்லும் சேர்ந்தே மறைந்திருக்கிறது. அதுபோல இங்கே நான்கு முடிவுகள் உள்ளே ஒளிந்திருக்கின்றன. எரியும் நேரம் ஒன்று, அணையும் நேரம் ஒன்று, எத்தனை முறை என்பதற்கு ‘நன்’, அதாவது எல்லையில்லை. நான்காவது ‘பேக்கிரவுண்ட்=ட்ரூ’: கண்சிமிட்டல் பின்னணியில் நடக்கட்டும், நிரல் அடுத்த வரிக்குப் போகட்டும். விநாடிக்குள் பத்துச் சிமிட்டல் வேண்டும் என்கிறவர் ‘ஆன்_டைம்=0.05, ஆஃப்_டைம்=0.05’ என்று இரண்டை மட்டும் சொல்கிறார், மற்றவை தம் பாட்டுக்கு இருக்கின்றன.

நான்காவது தானமைவு கொஞ்சம் விவாதத்துக்கு உரியது. பின்னணியில் ஓடுவதால், பிளிங்க் என்ற வரியோடு நிரல் முடிந்துவிட்டால் விளக்கும் உடனே அணைந்துவிடும். ‘என் விளக்கு சிமிட்டவே இல்லை’ என்று தொடக்க நிலையினர் தடுமாறும் இடம் இது. நிரலின் கடைசியில் ‘பாஸ்()’ என்று ஒரு வரி சேர்த்து அதை முடிந்துவிடாமல் காத்திருக்கச் சொல்ல வேண்டும். இருந்தாலும் முடிவு சரியானதே. விளக்கு சிமிட்டும் நேரத்தில் பொத்தானைக் கவனிக்கவும் உணரியை வாசிக்கவும் முடியாத இயந்திரம் யாருக்கு வேண்டும்?

பாதி வெளிச்சம் என்ற எளிய ஆசைக்கு வருவோம். விளக்கைப் பாதி ஒளியில் எரியவிட வேண்டும், எந்த எண்ணைத் தருவது? ஆர்பிஐ.ஜிபிஐஓவில் 50, ஏனென்றால் அது நூற்றுக்கணக்கு. ஜிபிஐஓ ஜீரோவில் 0.5. மைக்ரோபிட்டின் ஊசியில் 512, அங்கே கணக்கு 0 முதல் 1023 வரை. ஆர்டுயினோ பலகையில் வழக்கமாக 128, அங்கே 255 வரைதான். மைக்ரோபைத்தானின் இன்றைய பொது முறையில் 32768. ஒரே பாதிக்கு ஐந்து முகம்! ஒவ்வொன்றுக்கும் அந்தந்தச் சில்லிலோ மரபிலோ காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணத்தைப் பயனாளர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஜிபிஐஓ ஜீரோ வெளிச்சத்தையும் மோட்டார் வேகத்தையும் 0-வுக்கும் 1-க்கும் இடையிலேயே வைத்திருக்கிறது. நேரம் என்றால் விநாடி, தூரம் என்றால் மீட்டர். ஒரு முறை கற்றால் போதும், அலகைச் செயலுருபில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

மைக்ரோபைத்தான் வேறு வழியில் போனது. டேமியன் ஜார்ஜ் 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய அந்த மொழி, விரல் நுனியளவு சில்லுகளில் ஓடும் பைத்தான். அங்கே மில்லிவிநாடியும் நானோவிநாடியும் அன்றாடப் பேச்சு. அதனால் அலகைச் செயற்கூறின் பெயரிலேயே கட்டினார்கள். ‘ஸ்லீப்_எம்எஸ்(1000)’ என்றால் மில்லிவிநாடி. ‘டியூட்டி_யூ16(32768)’ என்றால் பதினாறு பிட் கணக்கு. ‘டியூட்டி_என்எஸ்’ என்றால் நானோவிநாடி. அடைப்புக்குறிக்குள் ஒற்றை எண்தான், ஆனால் அது என்ன எண் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

அலகை எண்ணுடனேயே சேர்த்துச் சொல்லும் பழைய மரபும் ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் மின்னழுத்தமானிகளையும் அலையியற்றிகளையும் கணினி வழியாக இயக்க 1990-இல் ஸ்கிப்பி என்ற பொதுக் கட்டளைமொழி வந்தது. இன்றும் பைத்தானிலிருந்து அந்தக் கருவிகளுடன் பேசுகிறவர்கள் பலர் அந்தக் கட்டளைகளைத்தான் அனுப்புகிறார்கள். சொற்களைச் சுருக்க அதில் கறாரான விதி உண்டு: நீண்ட சொல்லின் முதல் நான்கு எழுத்து, நான்காவது உயிரெழுத்தாக இருந்தால் மூன்றோடு நிறுத்து. வோல்டேஜ் ‘வோல்ட்’ ஆனதும் பவர் ‘பவ்’ ஆனதும் அப்படித்தான். எண்ணுக்குப் பின்னால் அலகையும் எழுதலாம். ஆனால் அந்த மொழி பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியானால் ‘எம்’ என்றால் மில்லியா, மெகாவா? மில்லி என்றே வைத்தார்கள், மெகாவுக்கு ‘எம்ஏ’. ஆனால் மெகாஹெர்ட்ஸையும் மெகாஓமையும் பொறியாளர்கள் ஒற்றை எம் போட்டு எழுதிப் பழகிவிட்டதால், அந்த இரண்டுக்கு மட்டும் எம் என்றால் மெகா என்று விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. மனிதரின் கைப்பழக்கத்துக்கு விதி வளைந்துகொடுத்த இடம் அது.

சிக்கனம் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டபோது எப்படி அமைந்தது என்பதை மைக்ரோபிட்டில் காணலாம். 2016-இல் பிபிசி முன்னின்று, பிரிட்டனில் ஏழாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 10 லட்சம் பலகைகளை இலவசமாகத் தந்தது. அதன் முகத்தில் 25 குட்டி விளக்குகள், ஐந்துக்கு ஐந்து. ஒரு இதயம் வரைய 25 கட்டளை வேண்டாம். ‘இமேஜ்("09090:99999:99999:09990:00900")’ என்ற ஒற்றைச் செயலுருபு போதும். முக்காற்புள்ளிக்கு முக்காற்புள்ளி ஒரு வரிசை, 0 என்றால் இருட்டு, 9 என்றால் முழு ஒளி. ஐந்து துண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், நிரலிலேயே இதயம் தெரியும்.

இசைக்கும் அதே கரிசனம். ‘சி4:4’ என்றால் நான்காம் எண்மத்தில் சி சுரம், நான்கு அலகு நேரம். அடுத்த சுரத்துக்கு வெறும் ‘டி’ என்று எழுதினால் போதும், எண்மமும் நேரமும் முன்னதிலிருந்து தொடரும். மாறும்போது மட்டும் சொன்னால் போதும். நம் வீட்டுப் பேச்சும் இப்படித்தான் நடக்கிறது. ‘ரெண்டு கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, அரை உளுந்து’ என்று மளிகைக்கடையில் சொல்கிறவர் அரை என்ன என்று சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை.

சொல்லாமல் விட்டதால் கருவியே ஆபத்தில் சிக்கும் இடங்களும் உண்டு. மின்மோட்டாரையோ விளக்கையோ இயக்கும் ரிலே பலகைகள் பல, ஊசி கீழே இறங்கும்போதுதான் இணைப்பு தரும். ஊசியை வெளியீடாக அமைப்பது ஒரு வரி, அதற்கு மதிப்பு தருவது இன்னொரு வரி என்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு நொடித்துணுக்கு ரிலே சொடுக்கிவிடலாம். மைக்ரோபைத்தானில் ‘பின்(2, பின்.அவுட், வேல்யூ=1)’ என்று அமைக்கும்போதே தொடக்க நிலையையும் தரலாம். ஜிபிஐஓ ஜீரோவில் ‘ஆக்டிவ்_ஹை=ஃபால்ஸ்’ என்று ரிலேயின் குணத்தை ஒரு முறை சொல்லிவிட்டால், அதன்பிறகு ஆன் என்றால் ஆன், ஆஃப் என்றால் ஆஃப். ‘இனிஷியல்_வேல்யூ’ என்ற செயலுருபுக்கு மூன்று நிலை. ட்ரூ என்றால் எரியத் தொடங்கு, ஃபால்ஸ் என்றால் அணைந்து தொடங்கு, நன் என்றால் இருக்கும் நிலையில் கைவைக்காதே. அந்த ‘இருக்கும் நிலை’ எரியும் நிலையாகவும் இருக்கலாம் என்று ஆவணம் எச்சரிக்கிறது. சொல்லாமல் விட்டால் ஃபால்ஸ், அதாவது அணைந்த நிலை. யோசிக்காதவருக்கும் பாதுகாப்பான பக்கம் கிடைக்கும்படி தானமைவை வைத்திருப்பது பாராட்ட வேண்டிய முடிவு.

பெயர் சொல்லித் தரும் செயலுருபுக்கு ஒரு விலையும் இருக்கிறது. பயனாளர்கள் ‘புல்_அப்’ என்று எழுதத் தொடங்கிவிட்டால் அந்தப் பெயர் வாக்குறுதியாகிவிடும். நூலகத்தை எழுதியவர் நாளை இன்னும் நல்ல பெயர் கண்டுபிடித்தாலும் மாற்ற முடியாது, மாற்றினால் ஊரெங்கும் நிரல்கள் உடையும். இதற்கும் பைத்தான் வழிசெய்தது. 2019-இல் வந்த 3.8 பதிப்பில் ஒரு சாய்கோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் நிற்பவற்றை இடத்தால் மட்டுமே தர முடியும், பெயரால் அழைக்க முடியாது. சாய்கோட்டுக்கு முன்னால் எழுவாய், நட்சத்திரத்துக்குப் பின்னால் உருபு கட்டாயம், இடையில் இருப்பவை இரண்டு வழியிலும்.

தொடக்கத்தில் பார்த்த ஸ்லீப் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மைக்ரோபிட் பலகைக்குள்ளேயே அதே பெயரில் இரண்டு செயற்கூறுகள் உண்டு. மைக்ரோபிட் என்ற தொகுதியிலிருந்து வருவது மில்லிவிநாடியில் தூங்கும், யூடைம் என்ற தொகுதியிலிருந்து வருவது விநாடியில் தூங்கும். நிரலின் தலையில் இரண்டு தொகுதியிலிருந்தும் ஸ்லீப்பை இறக்குமதி செய்திருந்தால், பிந்திய வரியில் வந்தது முந்தியதை மறைத்துவிடும். அந்த இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றினால், பத்து வரி தள்ளி நிற்கும் ஸ்லீப்(1000) ஒரு விநாடியிலிருந்து 16 நிமிடம் 40 விநாடிக்குத் தாவுகிறது.